பத்தில் ஒரு பங்கு ஆமைக்கரடு

ஆமைக்கரடு திரும்பி வந்த செவ்வாய்க்கிழமை காலையில் கீழக்கரட்டூர் ரேஷன் கடையில் துவரம்பருப்பு போட்டுக்கொண்டிருந்தார்கள், அதனால் வரிசையில் நின்ற யாரும் தங்கள் இடத்தை விட்டுவிட்டு மலையைப் பார்க்கப் போகவில்லை, மலைதான் அவர்களைத் தேடி வந்து கடைக்கு எதிரே இருந்த பொட்டலில் பாறையும் புதரும் ஒற்றையடிப் பாதையுமாக உட்கார்ந்திருந்தது, பருப்பு தீர்ந்துவிட்டது என்று கடைக்காரர் பலகை மாட்டிய பிறகுதான் வரிசை அப்படியே திரும்பிப் போய் அதன் முன்னால் நின்றது.

அது எங்கள் கரடுதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. முப்பது வருஷமாகக் கல்குவாரிக் கம்பெனி வெடி வைத்து, அறுத்து, மெருகேற்றிக் கப்பலில் அனுப்பி, நாங்களே எங்கள் கையால் வெட்டிக் கொடுத்து, கடைசியில் நாற்பது மீட்டர் உயரம் இருந்த இடத்தில் அறுபது மீட்டர் ஆழத்துக்குக் குழி மட்டும் மிஞ்சிய கரடு அது. ஆமை தலை நீட்டியதுபோல் கிழக்கே துருத்திய கழுத்துப் பாறை இருந்தது, அதன் கீழே வற்றாத சுனை இருந்தது, உச்சியில் வெடி போடுவதற்கு முன் சிவப்புக் கொடி நடும் கொடிக்கல் இருந்தது, எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன, ஆனால் எல்லாம் சிறியதாக இருந்தன. நில அளவையர் வந்து நாடா பிடித்துப் பார்த்து, நான்கு மீட்டர், சரியாகப் பத்தில் ஒரு பங்கு என்று எழுதிக்கொண்டு, எந்தச் சர்வே எண்ணில் சேர்ப்பது என்று தெரியாமல் அதற்கு மட்டும் கோடு போட்டுவிட்டுப் போனார். தாலுகா அலுவலகத்தில் அதை ஆக்கிரமிப்புப் பதிவேட்டில் ஏற்றினார்கள். ஆக்கிரமிப்பாளர் பெயர் ஆமைக்கரடு, தந்தை பெயர் தெரியவில்லை.

கம்பெனி சும்மா இருக்கவில்லை. குத்தகைப் பத்திரத்தில் கரடு என்றுதான் இருக்கிறதே தவிர உயரம் இவ்வளவு என்று இல்லை, ஆகவே அது எந்த அளவில் வந்தாலும் கம்பெனிக்கே உரியது என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது, நோட்டீஸின் பின்னாலேயே மண்வெட்டும் இயந்திரத்தையும் அனுப்பியது. இயந்திரம் கரட்டின் மேல் கையை வைத்ததும் தன் கொட்டகைக்குள் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. அதற்குள் எங்களுக்கு அது பழகிவிட்டிருந்தது. கரட்டில் கை வைத்தவர்கள் யாராக இருந்தாலும் பத்தடி பின்னால் தங்கள் வீடு இருக்கும் திசையைப் பார்த்து நின்றார்கள், மேயப் போன ஆடு பட்டியில் நின்றது, நீளமான மூங்கிலை நீட்டிப் பார்த்தவர் மூங்கிலோடு மூங்கில் வாங்கிய கடை வாசலில் நின்றார். நான்காம் நாளுக்குள் பஸ் நிறுத்தத்துக்குச் சின்னக்கரடு என்று பெயர் வந்துவிட்டது, டீக்கடை இருபதடி தள்ளிப் போனது, குடிநீர்க் குழாய்க்கு வரும் பெண்கள் குடத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டு அதைச் சுற்றிப் போகப் பழகினார்கள்.

பழக முடியாதது ஒன்றுதான் இருந்தது. தினமும் பதினோரு மணிக்கு அந்தக் கரட்டின் உச்சியிலிருந்து விசில் கேட்டது.

குவாரியில் மூன்று விசில் உண்டு. முதல் விசிலுக்குக் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு விலக வேண்டும், இரண்டாம் விசிலுக்குத் திரியில் நெருப்பு வைத்தாயிற்று, அகப்பட்டதன் அடியில் பதுங்க வேண்டும், வெடித்து முடித்துக் கல்லெல்லாம் விழுந்து அடங்கிய பிறகு நீளமாக மூன்றாவது விசில் வரும், அது வந்தால்தான் வெளியே வரலாம். கரட்டின் உச்சியிலிருந்து எறும்பு ஊதியதுபோல் மெலிதாக முதல் விசில் வரும், இரண்டாவது வரும், நாங்கள் மொத்த ஊரும் பதுங்குவோம். டீக்கடைக்காரர் பெஞ்சுக்கு அடியில், ரேஷன் கடைக்காரர் எடைத்தராசுக்குப் பின்னால், பஸ் ஓட்டுநர் ஸ்டியரிங்குக்குக் கீழே. மூன்றாவது வராது. வராத விசிலுக்காக எத்தனை நேரம் பதுங்குவது என்று யாருக்கும் தெரியாது. சோறு பொங்கி வழியும், பஸ்ஸுக்கு நேரமாகும், ஏதோ ஒரு காரணம் சொல்லிக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எழுந்து போவோம்.

அந்த மூன்றாவது விசில் பத்தொன்பது வருஷமாக வராமல் இருப்பது ஊருக்கே தெரியும். விசில் ஊதுகிறவன் தவசி. ஒரு வியாழக்கிழமை பதினோரு மணிக்கு இரண்டு விசில் ஊதினான், உச்சி மொத்தமும் பெயர்ந்து போனது, பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை. அவன் அன்று வேலைக்கே வரவில்லை என்றது கம்பெனி. வருகை பார்க்கும் நேர அலுவலகத்துப் பலகையில் நாற்பத்தேழாம் ஆணியில் அவனுடைய எண் குத்திய பித்தளை வில்லை தொங்குகிறதே, வேலைக்கு வந்தவன் வில்லையை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டல்லவா போவான் என்று கோர்ட்டில் பலகையையே கொண்டுவந்து காட்டியது. அவனைப் பாலக்காட்டுப் பஸ் நிலையத்தில் வேறொருத்தியோடு பார்த்ததாகச் சொல்ல ஊரில் இரண்டு பேர் கிடைத்தார்கள். அவன் மனைவி ஒச்சம்மாள் அன்றிலிருந்து சுமங்கலியும் இல்லை, தாலி அறுத்தவளும் இல்லை. ரேஷன் அட்டையில் அவன் பெயர் இருந்ததால் கைரேகை வைக்க ஆளைக் கூட்டி வா என்றார்கள், இல்லையென்றால் இறப்புச் சான்றிதழைக் கொண்டு வா என்றார்கள். அவள் பத்தொன்பது வருஷம் ஜல்லி உடைத்தாள்.

கம்பெனி கோர்ட்டில் காட்டிய சான்று இரண்டு. ஒன்று அந்தப் பலகை. இன்னொன்று சங்கச் செயலாளராக நான் எழுதிய துண்டறிக்கை.

அந்த வியாழக்கிழமை எங்கள் சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்திருந்தது. காசிமாயன் எங்களிடமிருந்து பிரிந்து போய் வைத்திருந்த சங்கம், தேநீர் இடைவேளை பத்து நிமிஷமா பதினைந்து நிமிஷமா என்ற தகராறில் பிரிந்த சங்கம், வேலைக்குப் போனது. தவசி எங்கள் சங்கம். மறுநாள் வெளியான என் துண்டறிக்கையின் முதல் வரி, எமது உறுப்பினர்களில் ஒருவர்கூடப் பணிக்குச் செல்லவில்லை, போராட்டம் முழு வெற்றி. அதைத்தான் கம்பெனி வக்கீல் சான்றாக வைத்தார். நீதிபதி அதைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். காசிமாயனின் ஆட்களோ, தாங்கள் வேலைநிறுத்தத்தை உடைத்த நாளில் ஒரு சாவு விழுந்தது என்ற பேர் வரக் கூடாது என்பதற்காக, உச்சியில் யாரையும் பார்க்கவில்லை என்று சாட்சி சொன்னார்கள். எங்கள் இரண்டு சங்கங்களும் முப்பது வருஷத்தில் ஒரே குரலில் பேசியது அந்த ஒரு வழக்கில்தான்.

கரடு வந்த இரண்டாம் வாரம் ரஹ்மத் ரேஷன் கடை மாடியில் ஏறி நின்று தன் கைப்பேசியால் உச்சியைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ரஹ்மத் பஸ் நிலையத்தில் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவள், கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டுவது முதல் கைப்பேசி வரை எல்லாம் பார்ப்பாள், எங்கள் சங்கத்து மைக் செட்டுக்கு இருபது வருஷமாக உயிர் கொடுத்து வருகிறவள். கொடிக்கல்லில் நகத்தளவு சிவப்புக் கொடி பறந்தது. கொடிக் கம்பில் கயிற்றோடு ஏதோ மஞ்சளாக மின்னியது. விசில் கயிறும் வில்லைக் கயிறும் சிக்கிக்கொள்ளும் என்பதால் ஊதுவதற்கு முன் வில்லையைக் கழற்றிக் கொடிக் கம்பில் மாட்டுவது தவசியின் வழக்கம், அவனோடு வேலை பார்த்த எல்லோருக்கும் அது தெரியும். ரஹ்மத் இறங்கி வந்து ஒச்சம்மாளிடம் கைப்பேசியைக் கொடுத்தாள். ஒச்சம்மாள் வெகுநேரம் பார்த்தாள். அழவில்லை. அதை எப்படியாவது கீழே கொண்டுவர வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

கரட்டில் பல்லி ஏறுவதை ரஹ்மத் கவனித்திருந்தாள். ஓணானும் ஏறியது.

"அது மனுசங்களுக்கு எதிரா இல்லண்ணே, அளவுக்கு எதிரா இருக்கு," என்றாள் என்னிடம். "பத்துல ஒரு பங்கா இருக்கறத அது ஒண்ணும் சொல்றதில்ல."

அவள் கடையில் பத்தில் ஒரு பங்காக ஒன்று இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் கொடைக்கானல் போகிற வழியில் யாரோ பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டுத் திரும்பி வாங்க வராத பாறை ஏறும் ஜீப். ரிமோட்டில் ஓடுவது, முழ நீளம், நிஜ ஜீப்பை அப்படியே சுருக்கியதுபோல் கதவும் கண்ணாடியும் ஓட்டுநர் இருக்கையும் உள்ளது, இது ஓடுவதற்காகச் செய்ததல்ல, ஒவ்வொரு கல்லாக ஊர்ந்து ஏறுவதற்காகச் செய்தது. சட்டகம் நன்றாக இருந்தது, அச்சும் பல்சக்கரமும் நன்றாக இருந்தன, மெத்தென்ற டயர் நான்கும் நன்றாக இருந்தன. உள்ளே இருந்த மின்சாரச் சாமான் எல்லாம் தண்ணீர் பட்டுக் கருகியிருந்தது. அவற்றைப் புதிதாகத் தேர்ந்தெடுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான் வேலை என்றாள்.

அவ்வளவுதான் வேலை. அதற்கு நாங்கள் ஏழு பொதுக்குழுக் கூட்டம் போட்டோம்.

எங்கள் ஊரில் எதையும் தீர்மானம் போடாமல் செய்வதில்லை. தவசி எங்கள் உறுப்பினர், ஆகவே வண்டி எங்கள் பொறுப்பு என்றோம். அன்று குவாரியில் இருந்தது நாங்கள், ஆகவே எங்கள் பொறுப்பு என்றது காசிமாயன் சங்கம். இந்தச் செயலாளர் ஒரு நோட்டீஸ் அடித்து ஒட்டினால் போதுமே, கரடு தானாக இறங்கி வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகுமே என்று காசிமாயன் கூட்டத்தில் சொல்லிச் சிரித்தான். நோட்டீஸைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது ஒரு யோசனைதான் என்றேன் நான். கடைசியில் பொட்டலில் நடந்த ஏழாம் கூட்டத்தில் பாகங்களைப் பிரித்துக்கொண்டோம். சக்கரத்தைச் சுற்றும் மோட்டாரும், அதற்குக் கரண்டை அளந்து விடும் ஸ்பீடு கன்ட்ரோலரும் எங்கள் சங்கத்துக்கு. முன்சக்கரத்தை இடமும் வலமும் திருப்பும் சர்வோவும் பேட்டரியும் அவர்களுக்கு. ரிமோட்டும், வண்டிக்குள் அதன் பேச்சைக் கேட்கும் ரிசீவரும் மிச்சமாகிவிட, பெண்கள் சுயஉதவிக் குழுவிடம் தள்ளிவிட்டோம்.

நான் வாழ்க்கை முழுவதும் துண்டுப் பிரசுரங்களைப் படித்தே கற்றவன், ஆகவே மோட்டார் கம்பெனிகளின் துண்டுப் பிரசுரங்களையும் விடாமல் படித்தேன், அடிக்கோடிட்டேன், குறிப்பெடுத்தேன். மோட்டாருக்குள் கம்பி எத்தனை சுற்று சுற்றியிருக்கிறது என்பதுதான் கணக்கு. சுற்று குறைந்தால் வேகம். பதின்மூன்று சுற்று மோட்டார் ஒன்றை எடுத்தேன், பந்தயத்தில் ஓடுகிற ஸ்பீடு கன்ட்ரோலர் ஒன்றை எடுத்தேன். முப்பது வருஷம் ஊர்ந்தது போதாதா என்று கூட்டத்தில் பேசிக் கைதட்டலும் வாங்கினேன். காசிமாயன் சந்தையிலேயே பலமான சர்வோவை எடுத்தான், செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டாலும் திருப்பும் என்று மேடையில் திருப்பியும் காட்டினான், அதோடு வண்டியின் பாதி எடைக்கு ஒரு பேட்டரி. பெண்கள் மூன்றாவதாக ஒரு பொத்தான் இருக்கிற ரிமோட்டை வாங்கி வந்தார்கள். முன்னே பின்னே போக ஒன்று, திரும்ப ஒன்று, மூன்றாவது எதற்கு என்று ஆண்கள் சிரித்தோம். மேலே போய்ச் சேர்ந்த பிறகு வில்லையை எப்படி எடுப்பதாக உத்தேசம் என்று ஒச்சம்மாள் கேட்டாள். நாங்கள் யாரும் அதை யோசித்திருக்கவில்லை. ரஹ்மத் ஒரு சேலை ஊக்கை வளைத்துக் கொக்கி செய்து, மூன்றாவது பொத்தானை அழுத்தினால் அது நூலில் இறங்கி ஏறும்படி வண்டியின் மூக்கில் பொருத்தினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு வண்டி கரட்டில் ஏறியது. கரடு அதை ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் சங்கமும் அவர்கள் சங்கமும் எதிரெதிரே நின்று கை தட்டினோம். ரிமோட்டை யார் பிடிப்பது என்ற தகராறில் நான் பாதி தூரம், காசிமாயன் பாதி தூரம் என்று தீர்மானம். என் மோட்டார் விசையைத் தொட்டதும் பாய்ந்தது, சக்கரம் கல்லைப் பிடிக்காமல் சுழன்றது, பாய்ந்து பாய்ந்து சுனை வரை போனதற்கே சூடாகிப் புகைந்தது. ரிமோட் கைமாறியது. கழுத்துப் பாறையில் காசிமாயன் சர்வோவைத் திருப்பினான், முன்சக்கரம் கல்லில் முட்டியது, சர்வோ விடாமல் தள்ளியது, வண்டி சட்டென்று செத்தது. விளக்கில்லை, சத்தமில்லை. பிறகு பின்பக்கத்துப் பேட்டரி இழுத்த இழுப்பில் மல்லாந்து, கல்லுக்குக் கல் மோதி உருண்டு, எங்கள் காலடிக்கு வந்து விழுந்தது.

மோட்டார்தான் என்றான் அவன். சர்வோதான் என்றேன் நான். ஒச்சம்மாள் வண்டியைத் தூக்கி முந்தானையால் துடைத்துக்கொண்டு ரஹ்மத்தின் கடைக்கு நடந்துவிட்டாள். மறுநாள் காலை நானும் போனேன், காசிமாயன் எனக்கு முன்பே அங்கே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.

ரஹ்மத் வண்டியைப் பிரித்து வைத்திருந்தாள். "ஒவ்வொண்ணும் ஒசத்திதாண்ணே," என்றாள். "ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிறல. இவரு சர்வோ கல்லுல முட்டுனதும் இருந்த கரண்ட்ட எல்லாம் அதுவே இழுத்துக்குச்சு, கேக்குற காதுக்கு ஒண்ணும் மிஞ்சல. ரிசீவருதான காது. காது செத்தா வண்டி செத்துச்சு. உங்க மோட்டாரு அதுக்கு மேல, நிக்கத் தெரியாத மோட்டாரு. ரெண்டு பேரும் இத்தன வருசம் செஞ்சதையே அந்தச் சின்ன வண்டிக்குள்ளயும் செஞ்சிருக்கீங்க."

ஒச்சம்மாள் டயர் இடுக்கில் சிக்கிய சரளையை ஊசியால் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் நிறைய மேடையில் பேசியவன், மைக் முன்னால் நின்றால் வார்த்தை தானாக வரும், அந்தக் கடையில் மைக் இல்லை, அவள் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"ஒச்சம்மா," என்றேன். "அவன் அன்னைக்கு வேலைக்குப் போனது எனக்குத் தெரியும்."

முந்தின நாள் சாயங்காலம் டீக்கடையில் தவசி என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனான். வேலைநிறுத்தம் சரிதான் தோழர், ஆனால் காசிமாயன் ஆட்கள் வெடி வைக்கப் போகிறார்கள், விசில் இல்லாமல் வைத்தால் கீழே நிற்கிற நாற்பது பேருக்கு யார் பொறுப்பு, விசில் ஊதுவதை நான் வேலையாக நினைக்கவில்லை என்றான். போனால் நீ கருங்காலி என்றேன். சரி என்று சொல்லி டீயைக் குடித்துவிட்டுப் போனான். மறுநாள் இரண்டு விசிலையும் நான் என் வீட்டுத் திண்ணையிலோ தெருவிலோ அல்ல, சங்க அலுவலகத்தில் அந்தத் துண்டறிக்கையின் முதல் வரியை எழுதிக்கொண்டே கேட்டேன். அந்த வரியை அடிக்கவில்லை.

ஒச்சம்மாள் நிமிரவில்லை. "உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்ணே," என்றாள். "ஊர்ல எல்லார் வாசலுக்கும் சைக்கிள் மணி அடிச்சிட்டுப் போவீங்க. பத்தொம்பது வருசமா என் வாசல்ல மட்டும் அடிச்சதில்ல." ஊசியைக் கீழே வைத்தாள். "இப்ப எந்த மோட்டாருன்னு சொல்லுங்க."

அன்று தீர்மானம் எதுவும் போடவில்லை. ரஹ்மத் சொன்னாள், நாங்கள் கேட்டோம். வேகம் வேண்டாம், ஐம்பத்தைந்து சுற்று மோட்டார் போதும், அது ஒரு கல்லை ஏற ஒரு நிமிஷம் எடுத்துக்கொள்ளும், ஆனால் ஏறும். ஸ்பீடு கன்ட்ரோலர் பந்தயத்துக்கானது வேண்டாம், விசையிலிருந்து விரலை எடுத்தால் வண்டியை அந்த இடத்திலேயே பிடித்து நிறுத்துகிறது ஒன்று இருக்கிறது, சரிவில் விட்டால் உருளாது, அதுதான் வேண்டும். சர்வோ காசிமாயனுடையதே இருக்கட்டும், ஆனால் அதற்குத் தனியாக ஒரு கரண்ட் வழி வைத்துவிடலாம், ரிசீவரின் பங்கை அது தொடக் கூடாது. பேட்டரி பாதியளவு போதும், பின்னால் வேண்டாம், முன்அச்சின் மேல் தாழ்வாகப் படுத்திருக்க வேண்டும், ஏறுகிற வண்டிக்கு எடை முன்னால் இருக்க வேண்டும். பெண்களின் ரிமோட்டைத் தொட வேண்டாம், அது ஒன்றுதான் முதலிலேயே சரியாக வாங்கியது. சுனையைக் கடக்க வேண்டியிருப்பதால் ரிசீவரை ஒரு பலூனுக்குள் போட்டுக் கழுத்தை இறுக்கிக் கட்டினாள். காசிமாயன் எழுந்து போய் டீ வாங்கி வந்தான், எனக்கும் ஒன்று வாங்கி வந்தான், சர்க்கரை இல்லாமல். என் சர்க்கரை வியாதி அவனுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

ரிமோட்டை யார் பிடிப்பது என்ற பேச்சும் எழவில்லை. ஒச்சம்மாள் ஒன்பது நாள் ஜல்லிக் குவியலில் பழகினாள். எந்தக் கல் உட்காரும், எந்தக் கல் வழுக்கும், எது அடித்தால் எந்தப் பக்கம் பிளக்கும் என்று அவளுக்குக் கை பழகியிருந்தது, கல்லைப் புதிதாகக் கற்றுக்கொள்ள அவளுக்கு ஒன்றுமில்லை, விரலை மட்டும் மெதுவாக்க வேண்டியிருந்தது.

பத்தாம் நாள் மாலை நான்கு மணிக்கு அவள் வண்டியைக் கரட்டின் அடியில் வைத்தாள். இந்தமுறை இரண்டு சங்கமும் எதிரெதிரே நிற்க இடமில்லாத அளவுக்குக் கூட்டம், கலந்துதான் நின்றோம். வண்டி ஊர்ந்தது. ஒரு கல்லில் முன்சக்கரத்தை வைத்து, யோசித்து, மெல்ல உருண்டு ஏறி, அடுத்த கல்லைத் தொட்டது. சுனையைக் குமிழி விட்டுக் கடந்தது. கழுத்துப் பாறையில் முன்சக்கரம் முட்டியது, சர்வோ முனகியது, காது சாகவில்லை, வண்டி கழுத்தைச் சுற்றி வளைந்து மேலே போனது. உச்சிக்குப் போக முக்கால் மணி நேரம் ஆயிற்று, அந்த முக்கால் மணி நேரமும் யாரும் கோஷம் போடவில்லை, பஸ் ஓட்டுநர் வண்டியை அணைத்துவிட்டுப் படியில் நின்று பார்த்தார். மாடியிலிருந்து ரஹ்மத் குரல் கொடுத்தாள், இன்னும் கொஞ்சம் வலது, கொக்கியை இறக்கு, இன்னும், இப்போது தூக்கு. ஊக்கு கயிற்றில் மாட்டியது.

இறங்கும்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது, அந்த வில்லை கீழே வர வர வளர்ந்தது. உச்சியில் மிளகளவு இருந்தது, சுனைக்கு வரும்போது சட்டைப் பித்தான் அளவு, பிறகு ரூபாய் நாணயம் அளவு. அடிக்கு அடி எடை கூடியது, வண்டியின் மூக்கு தாழ்ந்தது, பின்சக்கரம் லேசாகத் தூக்கியது. தரைக்கு ஓராள் உயரத்தில், செங்குத்தான இடத்தில், ஒச்சம்மாளின் விரல் மரத்துப்போக ஆரம்பித்தது. விரலை எடு அக்கா என்றாள் ரஹ்மத். எடுத்தால் உருண்டுவிடும் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். ஒச்சம்மாள் விரலை எடுத்தாள்.

வண்டி நின்றது. அந்தச் சரிவில், வளர்ந்த வில்லையின் எடை மூக்கில் தொங்க, யாரும் பிடிக்காமல், பின்னாலும் போகாமல் முன்னாலும் விழாமல் நின்றது. ஒச்சம்மாள் கையை உதறிக்கொண்டாள், முந்தானையில் வியர்வையைத் துடைத்துக்கொண்டாள், ஒரு வாய்த் தண்ணீர் குடித்தாள், அவ்வளவு நேரமும் அது நின்றது. நான் இந்த ஊரில் ஆயிரம் கூட்டம் நடத்தியிருக்கிறேன், விட்ட இடத்தில் அப்படி நின்ற ஒன்றை அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு அவள் மறுபடியும் விரலை வைத்தாள், வண்டி தரையைத் தொட்டது, உள்ளங்கை அகலப் பித்தளை வில்லை மண்ணில் உராய்ந்து வந்து அவள் காலருகே நின்றது. நாற்பத்தேழு. கொல்லன் உளியால் புள்ளி புள்ளியாகக் குத்திய எண்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஆட்கள் வில்லை எடுக்கும் நேரத்தில் ஒச்சம்மாள் கம்பெனி வாசலுக்குப் போனாள், நாங்களும் பின்னால் போனோம். போகிற வழியில் அளவையர் மறுபடியும் நாடா பிடித்துக்கொண்டிருந்தார், நான்கு மீட்டரும் ஒரு சாணும் வருகிறதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பழைய எண்ணை அடித்தார். நேர அலுவலகத்தில் சீதாபதி உட்கார்ந்திருந்தார், இருபத்தைந்து வருஷமாக அந்தப் பலகையைக் காக்கும் குமாஸ்தா. ஒச்சம்மாள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. நாற்பத்தேழாம் ஆணியில் ஏற்கெனவே தொங்கிய வில்லைக்கு மேலே தன் கையிலிருந்ததை மாட்டிவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்தாள்.

ஒரே எண்ணில் இரண்டு வில்லை. மேலே தொங்கியது நாற்பத்தாறையும் நாற்பத்தெட்டையும்போல் கையால் குத்தியது, கீழே தொங்கியது இயந்திரத்தில் அழுத்திய எண், வழவழவென்று, ஒரு புள்ளிகூட இல்லாமல். பத்தொன்பது வருஷம் நாங்கள் தினமும் அதன் இரண்டு பக்கமும் கை நீட்டி எங்கள் வில்லையை எடுத்திருக்கிறோம், ஒருவரும் பார்த்ததில்லை. அன்று பார்த்தோம். அதன்பின் யாரும் வில்லை எடுக்கவில்லை. வேலைநிறுத்தம் என்று யாரும் அறிவிக்கவில்லை, கை நீளவில்லை, அவ்வளவுதான்.

நான் படியில் ஏறி நின்றேன். துண்டறிக்கை எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை. அன்று எங்கள் சங்கத்தில் ஒருவர் வேலைக்குப் போனார், அவர் பெயர் தவசி, நாற்பது பேர் சாகாமல் இருப்பதற்காகப் போனார், எனக்குத் தெரியும், நான் எழுதியது பொய் என்றேன். அந்த நாற்பதில் நான் ஒருவன், உச்சியில் கொடியைப் பார்த்தேன், பார்க்கவில்லை என்று கோர்ட்டில் சொன்னேன் என்றான் காசிமாயன். ஒச்சம்மாள் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. சீதாபதி வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பத்து மணிக்கு மேல் ஒரு முழு வெள்ளைத்தாளை எடுத்து, கீழே தொங்குகிற வில்லை எந்தத் தேதியில், யார் சொல்லி, எந்தப் பட்டறையில் செய்யப்பட்டது என்று தன் அழகான கையெழுத்தில் எழுதத் தொடங்கினார்.

அவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே பதினோரு மணி ஆயிற்று. ஊர்ப் பக்கமிருந்து முதல் விசில் மெலிதாக வந்தது. இரண்டாவது வந்தது. காவலாளி லாரிக்கடியில், சீதாபதி மேசைக்கடியில், காசிமாயனும் நானும் ஒரே சுவரின் கீழே தோளோடு தோளாக, எல்லோரும் பதுங்கினோம். காத்திருந்தோம், எப்போதும்போல், எதற்கென்று தெரியாமல்.

அப்போது அது வந்தது. நீளமாக, அவசரமில்லாமல், மூச்சு முடிகிறவரை. கல்லெல்லாம் விழுந்து அடங்கியதை நன்றாகப் பார்த்துவிட்டு ஊதுகிறவன் ஊதுவதுபோல் மூன்றாவது விசில் வந்தது.

எங்களில் யாருக்கும் எழுந்திருக்கத் தோன்றவில்லை. பழக்கம் விட்டுப்போயிருந்தது. ஒச்சம்மாள்தான் முதலில் எழுந்து சேலையில் ஒட்டிய தூசியைத் தட்டினாள், பிறகு சுவரோரம் வந்து குனிந்து எங்களைப் பார்த்தாள்.

"எந்திரிங்கண்ணே," என்றாள். "வெளிய வரலாமாம்."